ஒம்பதாங்கட்டை கறுப்பு பாட்டில்: பனவடலிசத்திரத்திலிருந்து சுங்கைவே வரை ஒரு பயணம்

திருநெல்வேலியில் சங்கரன்கோவில் பஸ் பிடித்தால் மானூர், தேவர்குளம் தாண்டி வரும் ஊர் பனவடலிசத்திரம். கண்டக்டருக்கு அவ்வளவு நீளப் பெயர் சொல்ல நேரமில்லை. "பனவடலி எறங்குறவுகள்லாம் முன்னால வாங்க" என்பார். இறங்கினால் முதலில் முகத்தில் அடிப்பது காற்று. சும்மாவா, சுற்றிலும் காற்றாலைகளாக நட்டு வைத்திருக்கிறார்கள்! காற்றாலைகளுக்குக் கீழே கரிசல் காடு. காட்டு வரப்புகளில் பனைமரங்கள்.

ஊரின் பெயரிலேயே பனை இருக்கிறது. வடலி என்றால் இளம்பனை. பனை வடலிகளும், வழிப்போக்கர்கள் தங்க ஒரு சத்திரமும் இருந்த இடம் என்று பெயரைப் பிரித்தாலே புரிந்துவிடும். ஆனால், நான் எழுத வந்தது பனையைப் பற்றி மட்டும் அல்ல. இந்த ஊரில், எங்கள் ஆச்சி வீட்டுச் சுவர் மாடத்தில் 50 வருடங்களுக்கும் மேலாக உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டிலைப் பற்றி.

கரும்பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில். லேபிள் எப்போதோ உரிந்து போய்விட்டது. சின்ன வயதில் லீவுக்கு வரும்போதெல்லாம் அதிலிருந்துதான் ஆச்சி விளக்கெண்ணெய் ஊற்றி எங்கள் உச்சந்தலையில் தேய்ப்பார். "இது கப்பல்ல வந்த பாட்டில்ட்டி, ஒடைச்சிராத" என்பார். 1970-ல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி, நாகப்பட்டினத்தில் இறங்கியபோது ஆச்சியோடு வந்த சாமான்களில் அதுவும் ஒன்று.

ஐந்து வயதில் அப்பா அம்மாவோடு மலாயா போனவர் ஆச்சி. கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, அங்கேயே பால் மரம் சீவி, அங்கேயே கல்யாணம் முடித்தவர். 1969-ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று ஆனபோது ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் மூட்டை கட்டின. அதில் எங்கள் குடும்பமும் ஒன்று.

போன மே மாதம் அந்த பாட்டில் வீட்டில் ஒரு சண்டையைக் கிளப்பியது.

"ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வா!"

அக்காவுக்குக் குழந்தை பிறந்து அப்போது 18 நாள். தாய்ப்பால் போதவில்லை. குழந்தை ராத்திரி முழுக்க அழுகிறது. அக்காவும் சேர்ந்து அழுகிறாள். அந்த நேரம் பார்த்து, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக நான் கோலாலம்பூர் போவதாக ஏற்பாடு.

"ஏட்டி, நீ மலேசியா போறேல்லா? அங்க கறுப்பு பீரு கிடைக்கும். நாய்ப்படம் போட்ட பாட்டிலு. ரெண்டு வாங்கிட்டு வா. கோழி முட்டைய ஒடைச்சு ஊத்தி, அரை கிளாஸ் இவளுக்குக் குடுத்தா பாலு தன்னால ஊறும்" என்றார் ஆச்சி.

அம்மாவுக்கு வந்ததே கோபம். "பிள்ளை பெத்தவளுக்கு பீரா? ஊர்ல கேட்டா காறித் துப்புவாவ!"

"நான் குடிச்சுத்தான் ஒங்க அக்கா வளந்தா. போட்டி!"

ஆச்சியின் மூத்த மகள், அதாவது எங்கள் பெரியம்மா, 1966-ல் அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். இன்றைக்கும் எங்கள் வீட்டிலேயே திடகாத்திரமான ஆள் அவர்தான். ஆச்சியின் வாதத்துக்கு அவரே சாட்சி.

நான் கிளம்பும்போது ஆச்சி வாசல்வரை வந்தார். அம்மாவுக்குக் கேட்காத குரலில், "பாட்டில் வாங்காட்டாலும் போவுது. ஒண்ணு மட்டும் கேட்டுட்டு வா. மொதல்ல அது கப்பல்ல வந்துச்சு. பொறவு ஒம்பதாங்கட்டையில காய்ச்சுறாம்னு ஒங்க தாத்தா சொன்னாவ. ரெண்டும் ஒண்ணுதானா?" என்றார்.

எதற்கு இந்தக் கேள்வி என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ரிப்போர்ட்டர் புத்தி, 'நல்ல ஸ்டோரி' என்று மட்டும் சொன்னது.

நாய் எப்படி பாட்டிலில் ஏறியது?

கறுப்பு பீரின் முறையான பெயர் ஸ்டவுட். அதில் உலகப் புகழ்பெற்ற பெயர் கின்னஸ். ஆமாம், நீங்கள் நினைக்கும் அதே கின்னஸ்தான். 'கின்னஸ் சாதனை' புத்தகத்தை 1955-ல் கொண்டு வந்ததே இந்த பீர் கம்பெனிதான். வேட்டைக்குப் போன இடத்தில், ஐரோப்பாவிலேயே வேகமாகப் பறக்கும் வேட்டைப் பறவை எது என்று கம்பெனியின் நிர்வாக இயக்குநருக்கு வாக்குவாதம் வந்தது. அப்படிப்பட்ட சண்டைகளைத் தீர்த்து வைக்க ஒரு புத்தகம் போடலாம் என்று ஆரம்பித்ததுதான் அது.

கம்பெனியின் கதை 1759-ல் தொடங்குகிறது. அயர்லாந்தின் டப்ளின் நகரில், செயின்ட் ஜேம்ஸ் கேட் என்ற இடத்தில், ஆர்தர் கின்னஸ் என்பவர் ஒரு பழைய மதுவடிப்பாலையைக் குத்தகைக்கு எடுத்தார். வருடத்துக்கு 45 பவுண்ட் வாடகை. குத்தகைக் காலம் எத்தனை வருடம் தெரியுமா? 9,000 வருடம்! 1801-ல், வெப்ப நாடுகளுக்குப் போகும் நீண்ட கடல் பயணத்தைத் தாங்குவதற்காக, ஹாப்ஸ் பூவை அதிகம் சேர்த்து, போதையும் கூட்டி ஒரு தனி ரகத்தைக் காய்ச்சினார்கள். அதன் வாரிசுதான் இன்றைய 'ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்'. ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் வந்தது இந்த ரகம்தான்.

அந்தக் காலத்தில் கம்பெனி பீப்பாயில்தான் விற்கும். லிவர்பூல், லண்டன் வியாபாரிகள் அதை வாங்கி, பாட்டிலில் அடைத்து, தங்கள் சொந்த லேபிளை ஒட்டிக் கப்பலேற்றுவார்கள். ஒருவர் லேபிளில் ஓநாய்த் தலை. இன்னொருவர் லேபிளில் புல்டாக். மலாயாவில் ஆங்கிலம் படிக்கத் தெரியாத சீனத் தொழிலாளிக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் படம்தானே அடையாளம்? ஓநாயும் நாயாகி, சரக்கின் பெயரே 'கறுப்பு நாய்' ஆகிவிட்டது. ஆச்சியின் 'நாய்ப்படம் போட்ட பாட்டில்' இப்படித்தான் வந்தது.

ஒம்பதாங்கட்டையில்...

மலேசியத் தமிழர்கள் மைல்கல்லைக் 'கட்டை' என்பார்கள். மூணாங்கட்டை, ஆறாங்கட்டை என்று ஊர்களுக்கே அதுதான் பெயர். ஆச்சி சொன்ன ஒம்பதாங்கட்டை, கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் பழைய சாலையின் ஒன்பதாவது மைல். இடத்தின் பெயர் சுங்கைவே. ரப்பர் தோட்டங்கள் இருந்த இடத்தில் 1950-களில் எழும்பிய பெட்டாலிங் ஜெயா நகரத்துக்குள் இருக்கிறது.

கல்யாணம் முடிந்த மறுநாள் உறவுக்காரத் தம்பியோடு காரில் போனேன். ஆச்சி பார்த்த காடு, தோட்டம் எதுவும் இல்லை. நெடுஞ்சாலை, மேம்பாலம், தொழிற்சாலைகள், அடுக்குமாடிகள். அதற்கு நடுவே மதுவடிப்பாலையின் உயரமான எஃகுத் தொட்டிகள் தெரிந்தன. உள்ளே போக நான் முயற்சி செய்யவில்லை. எனக்கு வேண்டியது உள்ளே இல்லை, ஆச்சியின் கேள்விக்கான பதில்.

1964-ல் கின்னஸ் மலேசியா என்ற கம்பெனி பதிவானது. அடுத்த வருடங்களில் சுங்கைவேயில் காய்ச்சும் வேலை தொடங்கியது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நைஜீரியாவின் இகேஜாவில் இதே கம்பெனி ஒரு வடிப்பாலை திறந்திருந்தது. காரணம் எளிமையானது. காலனி நாடுகள் வரிசையாகச் சுதந்திரம் வாங்கிக்கொண்டிருந்தன. 'எங்கள் நாட்டில் விற்க வேண்டுமானால், எங்கள் நாட்டிலேயே தொழிற்சாலை போடு, எங்கள் ஆட்களுக்கு வேலை கொடு' என்றன புதிய அரசாங்கங்கள். இறக்குமதிச் சரக்குக்கு வரி ஏறியது. தண்ணீரையும் கண்ணாடியையும் கப்பலில் ஏற்றி உலகத்தைச் சுற்றுவதைவிட, அங்கேயே காய்ச்சுவது லாபம் என்று கம்பெனியும் கணக்குப் போட்டது.

1989-ல் இந்த நிறுவனம் மலாயன் புரூவரீஸின் மலேசியத் தொழிலோடு இணைந்து கின்னஸ் ஆங்கர் ஆனது. 2016-ல் ஹைனகன் மலேசியா என்று பெயர் மாறியது. இன்று நிலைமை வேடிக்கையானது. கின்னஸ் என்ற பெயர் டியாஜியோ நிறுவனத்துடையது. மலேசியாவில் காய்ச்சுவதோ டச்சுக்காரர்களின் ஹைனகன். சரக்கு அயர்லாந்துப் பெயர், காய்ச்சும் இடம் மலேசிய மண், காய்ச்சுபவர் டச்சு முதலாளி. இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கும் கயிறுதான் 'லைசென்ஸ்'.

அல்வா ஊருக்கு ஆகுமா?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும். தாமிரபரணித் தண்ணீர் இல்லாமல் திருநெல்வேலி அல்வா செய்ய முடியுமா? அதே கோதுமை, அதே நெய், அதே மாஸ்டர் என்று சென்னையில் கிண்டினாலும், "என்ன இருந்தாலும் நம்மூரு மாதிரி வராதுல்லா" என்போம். அப்படியிருக்க, டப்ளின் தண்ணீரில் காய்ச்சியதை சுங்கைவே தண்ணீரில் காய்ச்சினால் எப்படி ஒன்றாகும்?

லைசென்ஸ் என்பது வெறும் பெயரை ஒட்டிக்கொள்ளும் அனுமதி இல்லை. செய்முறை, ஈஸ்ட், பரிசோதனை எல்லாம் சேர்ந்த ஒப்பந்தம். தண்ணீரில் என்னென்ன உப்புகள் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை இன்றைய வடிப்பாலைகள் தாங்களே சரிசெய்துகொள்கின்றன. ஸ்டவுட்டுக்குக் கறுப்பு நிறமும் லேசான கசப்பும் வருவது வறுத்த பார்லியால். சுமார் 232 டிகிரி செல்சியஸில், காபிக்கொட்டை போலக் கருக வறுக்கிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அது கறுப்புகூட இல்லை, கருஞ்சிவப்பு.

பல நாடுகளில் இன்னொரு தந்திரமும் உண்டு. டப்ளினில் காய்ச்சிச் சுண்ட வைத்த கெட்டியான சாறு டிரம்களில் வரும். உள்ளூரில் காய்ச்சிய வெளிர்நிற பீரில் அதைக் கொஞ்சமாகக் கலந்தால் நிறமும் ருசியும் கூடிவிடும். பழைய தயிரில் ஒரு கரண்டி எடுத்துப் புதுப் பாலில் உறை ஊற்றுவது போல என்று சொன்னால் பாதி பொருந்தும். 1980-களில் நைஜீரிய அரசு பார்லி இறக்குமதிக்குத் தடை போட்டபோது, அங்கே சோளத்தில் காய்ச்ச ஆரம்பித்தார்கள். ஆம், நம் கரிசலில் விளையும் அதே சோளம்! அதற்கும் பெயர் கின்னஸ்தான். அங்கே வளர்ந்தவர்களுக்கு அதுதான் உண்மையான ருசி.

ஆக, ஆச்சியின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கம்பெனி கணக்கில் இரண்டும் ஒன்று. நாக்குக்கு நூலிழை வித்தியாசம் தெரியலாம்.

அங்கே ஓர் ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசைப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். தோட்டத்தில் பிறந்தவர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆச்சி கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"எங்க அம்மாவும் அதேதான்மா சொல்லும். கப்பல் பாட்டில்னா மருந்து, சுங்கைவே பாட்டில்னா பீரு. ஒரே சாமான். கடல் தாண்டி வந்தாத்தான் நம்ம ஆளுக்கு மதிப்பு. நாமகூட அப்படித்தானே, ஊருக்குப் போனா மலேசியாக்காரன், இங்க இருந்தா வெறும் தோட்டத்தான்."

அவர் டீக்குக் காசு கொடுக்கப் போனேன். விடவில்லை. "ரெண்டு வெள்ளிக்கு என்னாம்மா" என்று எழுந்து போய்விட்டார்.

மருந்தா அது?

நான் பாட்டில் வாங்கவில்லை. அதற்குக் காரணம் அம்மா மட்டும் அல்ல. இந்த 'மருந்து' எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்திருந்தேன்.

1929-லிருந்து பிரிட்டனில் கின்னஸ் விளம்பரங்கள், 'இது உடம்புக்கு நல்லது' என்றே சொல்லிவந்தன. ஆபரேஷன் முடிந்தவர்களுக்கும் ரத்த தானம் செய்தவர்களுக்கும் ஒரு கிளாஸ் கொடுக்கும் வழக்கம்கூட அயர்லாந்தில் இருந்தது. கறுப்பாக இருக்கிறது, கெட்டியாக இருக்கிறது, அதனால் இரும்புச்சத்து இருக்கும் என்ற நம்பிக்கை. மலாயாவில் அந்த விளம்பரம், பிள்ளை பெற்றவளை ஒரு மாதம் வீட்டில் உட்கார வைத்து இஞ்சியும் நல்லெண்ணெயும் போட்ட கோழிச்சாறு கொடுக்கும் சீனர்களின் பத்தியத்தோடு கலந்தது. பக்கத்து லயத்துத் தமிழச்சிக்கும் வந்து சேர்ந்தது.

உண்மைக் கணக்கு என்ன? 568 மில்லி கொண்ட ஒரு பைண்ட் ஸ்டவுட்டில் இருக்கும் இரும்புச்சத்து சுமார் 0.3 மில்லிகிராம். பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்கு 23 மில்லிகிராம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் பரிந்துரை. அதாவது, 70 பைண்டுக்கு மேல் குடிக்க வேண்டும்!

பால் ஊறுமா? பார்லியில் உள்ள ஒரு பொருள், பால் சுரக்கத் தூண்டும் ஹார்மோனைக் கொஞ்சம் கூட்டலாம். ஆனால், ஆல்கஹால் அதற்கு நேர் எதிர். பால் இறங்கி வரச் செய்யும் ஹார்மோனை அது மட்டுப்படுத்துகிறது. தாயின் ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறதோ, கிட்டத்தட்ட அதே அளவு தாய்ப்பாலிலும் கலக்கிறது. தாய் மது அருந்திய பிறகு குழந்தை குடிக்கும் பாலின் அளவு குறைந்ததாக 1991-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பாலூட்டும் தாய்க்கு மது வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இந்த விவரங்களையெல்லாம் போனில் குறித்து வைத்துக்கொண்டு, ஆச்சியை மடக்கிவிடலாம் என்று ஜோராகத்தான் ஊர் திரும்பினேன்.

பனை சொன்ன கணக்கு

பனவடலியில் விடிகாலை. ஆச்சி வீட்டுக்குப் பின்னால் காட்டுப் பாதையில், பனையேறும் மாமா ஒருவர் பதநீர் இறக்கிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு தடவிய கலயத்திலிருந்து ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். மாம்பழச் சீசன் வேறு. துண்டு மாங்காயும் சேர்ந்துகொண்டது. நான் மலேசியா போன காரணத்தைக் கேட்டவர், சிரிக்காமல் கேட்டார்.

"அயர்லாந்துக்காரன் சரக்கை மலேசியாவுல காய்ச்ச லைசென்ஸ் உண்டு. என் மரத்துல தன்னால வடியுததுக்கு லைசென்ஸ் கெடையாது. கலயத்துல சுண்ணாம்பு தடவாம விட்டா நான் குத்தவாளி. இது என்ன நியாயம் தாயி?"

தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 ஜனவரி 1 முதல் தடை. அதே மாநிலத்தில் 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுக்க அரசின் டாஸ்மாக் வசம். அங்கே பீர் உண்டு, கள் இல்லை. கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில், பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளை பாட்டிலில் அடைத்தே விற்கின்றன. வடமராட்சியின் திக்கம் வடிசாலையில் பனங்கள்ளிலிருந்து சாராயம் வடித்தார்கள். இலங்கையில் நுவரெலியாவில் 1881-ல் தொடங்கிய வடிப்பாலையின் வழிவந்த 'லயன் ஸ்டவுட்', எந்த வெளிநாட்டுப் பெயரையும் கடன் வாங்காமல் வெளிநாடுகளுக்குப் போகிறது. மாமாவின் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஒனக்கென்ன தெரியும்? தோட்டத்துக் கள்ளுக்கடையில சம்பளத்தன்னைக்கு நீ நின்னு பாத்திருக்கியா? மரம் சீவுன காசு முழுசும் அங்கன போவும். ஒங்க தாத்தா காசும் போச்சு. எங்கையா சொல்லுவாரு, சண்டை முடிஞ்ச காலத்துல கெடா பக்கம் தொண்டர் படைன்னு பயலுக கூடி, கள்ளுக்கடைய மூடுன்னு போலீஸ்கிட்ட அடி வாங்குனானுவன்னு. குடிக்க வெச்சவனும் வெள்ளைக்காரன், அடிச்சவனும் அவன்தான்."

அது வரலாறு. 1941-ல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை அதே போராட்டத்தைக் கையில் எடுத்தது. பனையேறி மாமா சொல்வதும் உண்மை, ஆச்சி சொல்வதும் உண்மை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்க எனக்குத் தெரியவில்லை.

ஆச்சியின் கேள்வி

"சரி, நான் கேட்டதை விசாரிச்சியா?" என்றார்.

"விசாரிச்சேன் ஆச்சி. ரெண்டும் ஒண்ணுதான். கப்பல்ல வந்ததும், ஒம்பதாங்கட்டையில காய்ச்சினதும் ஒரே செய்முறை, ஒரே சரக்கு" என்றேன் பெருமையாக.

ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த வத்தலைக் கிளறிவிட்டார். ரொம்ப நேரம் கழித்து, "அப்பம் நான்தான் கொன்னுட்டேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பெரியம்மாவுக்குப் பிறகு 1968-ல் ஆச்சிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. இந்த விஷயம் அம்மாவுக்கே அரைகுறையாகத்தான் தெரியும். அந்தத் தடவை தாத்தா கறுப்பு பாட்டில் வாங்கி வந்து, "இனி கப்பல்ல வராது, ஒம்பதாங்கட்டையில காய்ச்சுறான்" என்றிருக்கிறார். "அது மருந்தில்ல, வெறும் பீரு. எனக்கு வேண்டாம்" என்று ஆச்சி தள்ளிவிட்டார். பால் ஊறவில்லை. குழந்தை மூன்று மாதம்தான் இருந்தது.

"குடிச்சிருந்தா தங்கியிருப்பானோன்னு இத்தனை வருஷமா நெனைக்கேன். வேற வேற சரக்குன்னா எம்மேல தப்பில்ல. ஒண்ணுன்னா, தப்புதான?"

மாடத்து பாட்டிலைப் பார்த்தேன். கப்பலில் வந்த பாட்டிலா, குடிக்காமல் கொட்டிய பாட்டிலா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போனில் குறித்து வைத்திருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மடக்குவதற்காக இல்லை. இரும்புக் கணக்கைச் சொன்னேன். ஆல்கஹால் பாலைக் கூட்டாது, குறைக்கும் என்று சொன்னேன். "நீங்க குடிக்காம விட்டதுனால பால் நிக்கல ஆச்சி. எந்த பாட்டிலும் பால் தராது. கப்பல்ல வந்ததும் தராது."

"அப்பம் மூத்தவளுக்கு எப்பிடி ஊறிச்சு?"

அந்தக் கேள்விக்கு போனில் பதில் இல்லை. அம்மாதான் அடுப்படியிலிருந்து வந்து, ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்: "மூத்தவ பொறந்தப்ப கூட யாரும்மா இருந்தா?"

ஆச்சி யோசித்து யோசித்துச் சொன்னார். அப்போது ஆச்சியின் அம்மா உயிரோடு இருந்தார். பக்கத்து லயத்து வேலிக்கு அந்தப்புறம் காய்கறி போட்ட சீனத்தி தினமும் கோழிச்சாறு கொண்டு வருவாள். நாற்பது நாள் ஆச்சி படியிறங்கவில்லை. இரண்டாவது பிரசவத்தின்போது அம்மா போய்ச் சேர்ந்திருந்தார். சீனக் குடும்பமும் வேறு இடம் போய்விட்டது. வீட்டில் அரிசி இல்லை. பதினைந்தாம் நாள் விடியற்காலை நாலு மணிக்கு, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் சீவப் போனார். குழந்தை மத்தியானம்வரை ஆயாக் கொட்டகையில் கிடந்தது.

"பசியில கெடந்த ஒடம்புல எப்பிடிம்மா பால் ஊறும்?" என்றார் அம்மா.

ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா, வியர்வையா என்று தெரியவில்லை. மே மாதத்து வெயில்.

அன்றைக்குச் சாயங்காலமே அக்காவை சங்கரன்கோவிலில் குழந்தை டாக்டரிடம் அழைத்துப் போனோம். குழந்தையை மார்பில் வைக்கும் விதத்தை மாற்றிக் காட்டினார். அடிக்கடி கொடுக்கச் சொன்னார். அம்மாவைத் தூங்க விடுங்கள், மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து ஆச்சி பொறுப்பை எடுத்துக்கொண்டார். காலையில் நல்லெண்ணெய் மிதக்க உளுந்தங்களி. அதில் பனையேறி மாமா வீட்டுக் கருப்பட்டி. கறுப்புதான் அதுவும். ராத்திரி குழந்தை அழுதால் அக்காவுக்கு முன்னால் ஆச்சி எழுந்து, தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடப்பார். 79 வயதில் எங்கிருந்து அந்தத் தெம்பு வந்தது என்று தெரியவில்லை.

ஒரு வாரத்தில் குழந்தை ராத்திரியில் தூங்க ஆரம்பித்தது. நான் சென்னைக்குக் கிளம்பும் அன்று குழந்தைக்கு எண்ணெய்க் குளியல். ஆச்சி மாடத்திலிருந்து அந்த பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்து, உள்ளங்கையில் விளக்கெண்ணெய் சரித்து, கொள்ளுப்பேரனின் உச்சந்தலையில் வைத்தார்.

"ஏட்டி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. பாத்துப் போ. அடுத்த தடவை மலேசியா போனா..." என்று நிறுத்தினார்.

"பாட்டிலா ஆச்சி?"

"இல்ல. அந்தச் சீனத்தி குடும்பம் எங்க இருக்குன்னு விசாரி. அவ பேரு எனக்கு நெனப்பில்ல. கோழிச்சாறு ருசி மட்டும் நெனப்பிருக்கு."

*(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு. பாலூட்டும் தாய்மார்கள் தாய்ப்பால் தொடர்பான சந்தேகங்களுக்கு மருத்துவரையே அணுகுங்கள்.)*